புருவத்துக்கு வராத கம்பு

“கம்பு எம்புட்டு நீளமோ அம்புட்டுக்குத்தாம்லே பந்து ஓடும்.”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் காலை பஸ்ஸில், என் பின்சீட்டில் யாரோ யாருக்கோ சொன்னது இது. திரும்பி, “அப்படியில்லைங்க” என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. ஆனால் நான் பஸ்ஸில் திரும்பிப் பேசுகிறவள் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிற வரையில் மனசுக்குள்ளேயே அந்த ஆளோடு சண்டை போட்டேன்.

விளையாட்டுச் சாமான் விற்பது செருப்பு விற்பதைப் போல. வாங்க வருகிறவருக்குத் தன் அளவு முன்பே தெரியும், அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். கவுண்டருக்கு உள்பக்கம் நின்று கால் கடுத்த யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, ராஜபாளையம் கடைத்தெருவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்த புதிது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் தன் பழைய பஞ்சு குடோனைக் காலி செய்து பச்சைத் துணி விரித்த, கம்பால் பந்தை இடித்துக் குழியில் தள்ளுகிற பூல் மேசை ஒன்றை இறக்கினார். இரண்டு ஊரிலும் கேரம் போர்டில் வெள்ளைக் காய் தள்ளிக்கொண்டிருந்த கைகளெல்லாம் அங்கே போய் நின்றன. எங்கள் முதலாளி அண்ணாச்சி ஒரு டஜன் ஸ்டிக் வரவழைத்தார். பெட்டிக்குள் இங்கிலீஷில் ஒரு தாள் இருந்தது. “படிச்ச பிள்ளதானே, என்னன்னு பாரும்மா” என்று என்னிடம் கொடுத்தார். இப்படித்தான், வாழ்க்கையில் ஒரு முறைகூட பூல் ஆடாத நான் அந்த வட்டாரத்துக்கே பூல் ஸ்டிக் நிபுணராக ஆனேன்.

புருவ மட்டம்

தாளில் சொல்லியிருந்தது எளிமையான விஷயம். ஸ்டிக்கின் அடியைத் தரையில் ஊன்றி நேராக நிறுத்த வேண்டும். நுனி உங்கள் தோளுக்கும் நாடிக்கும் நடுவில் வந்தால் அது உங்களுக்கான அளவு. அதை நான் இரண்டு தடவை படித்து, நோட்டில் எழுதி, மறுநாள் யார் வந்தாலும் சொல்லிவிடுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு தூங்கினேன்.

முதலில் வந்தவர் சேத்தூர் வேலுச்சாமி. ஆறடி ஆள். ஊர்த் திருவிழாவில் சிலம்பம் சுற்றுகிறவர். நான் வாய் திறப்பதற்குள் ஸ்டிக்கை எடுத்துத் தரையில் ‘டொக்’ என்று ஊன்றினார். அது தோளுக்கு வந்தது. தாள்படி மிகச் சரி. எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. அவரோ முகம் சுளித்துக்கொண்டு உள்ளங்கையைப் புருவத்தில் வைத்துக் காட்டினார். அப்போதுதான் புரிந்தது. சிலம்பக் கம்புக்கு அளவு புருவ மட்டம். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கையில் எடுக்கிற எந்தக் கம்புக்கும் அதுதான் அளவு. நான் நோட்டைப் பிரித்து, “சார், நாடிக்குக் கீழேதான்...” என்று இழுத்தேன். அண்ணாச்சி உடனே அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். வேலுச்சாமி ஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, ஆசாரியிடம் கொடுத்து அடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது எனக்காக வருத்தப்பட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

“புருவத்துக்கு வராத கம்பு நாய் வெரட்டத்தாம்மா ஆகும்.”

செருப்பு வாசலில்

எங்கள் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அண்ணாச்சியின் சட்டம். அதனால் எல்லோரையும் வெறுங்காலில்தான் அளப்போம். பஞ்சு குடோன் ஹாலில் அவர்கள் செருப்போடு ஆடுவார்கள். இதனால் ஒரு விரல்கடை வித்தியாசம் வரும் என்பதை நான் கண்டுபிடித்தபோது, ஏதோ புதுக் கிரகத்தைக் கண்டுபிடித்தவள் போல் குதித்தேன். மனசுக்குள்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆள் கிடைத்தது. வன்னியம்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவன், நான்கு விரல் உயரக் குதிகால் வைத்த ஷூவோடு வந்தான். கூட மூன்று நண்பர்கள். “ஷூவை வாசல்ல விட்டுட்டு வாங்க, அளந்துரலாம்” என்றேன். எனக்கே கேட்காத குரல். அவன் மட்டும் படியில் நின்றுகொண்டு, ஸ்டிக்கை வெளியே நீட்டச் சொன்னான். அண்ணாச்சி கண்ணை உருட்டினார். நண்பர்கள் உள்ளேயிருந்து, “ஏலே, கழட்டிட்டு வாலே” என்று கூவினார்கள். அவன் படியோரமாகக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

“ஷூவைக் கழட்டுனா நான் இல்லக்கா.”

சுவரில் இருந்த குழிகள்

ஹால்காரர் கேட்ட, ஸ்டிக் நுனியில் தேய்க்கிற சாக்குக்கட்டிப் பெட்டியை, வீட்டுக்குப் போகிற வழியில் நானே கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஆயிற்று. உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. வாசலில் நின்றபடியே பார்த்தேன். மேசையின் ஒரு பக்கம் சுவருக்கு மிக நெருக்கமாக இருந்தது. அந்தச் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். அடிக்கக் கையைப் பின்னால் இழுக்கும்போதெல்லாம் ஸ்டிக்கின் அடி போய் இடித்த குழிகள்.

அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் கதிரேசன். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பார். எங்கள் கடையில் வாங்கிய முழு நீள ஸ்டிக்தான் கையில். அவர் பந்தைப் பார்க்கிற பார்வையைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்தது. எந்தப் பந்து எங்கே பட்டு மேசையின் எந்தக் குழியில் விழும் என்று அடிப்பதற்கு முன்பே வாயால் சொல்லிவிடுவார். ஆனால் அடிக்கும்போது பாதி தவறும். ஏன் என்பது எனக்கு வாசலில் இருந்தே தெரிந்தது. அவர் கைக்குப் பின்னால் ஸ்டிக் ஒரு சாண் நீளம் சும்மா நீட்டிக்கொண்டு கிடந்தது. பின்கனத்தில் நுனி ஆடியது. சுவர்ப் பக்கம் போனால் இடித்தது. இடிக்காமலிருக்க அடியைத் தூக்கினால் பந்து கோணிப் போனது.

அடுத்த மாதம் அங்கே போட்டி. ஜெயிக்கிறவரை மதுரையில் நடக்கிற பெரிய போட்டிக்கு அனுப்புவார்களாம். போன முறை கடைசி ஆட்டத்தில் வேலுச்சாமியிடம் தோற்றவர் கதிரேசன்தான். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே சாக்குக்கட்டியை எண்ணி வாங்கிய ஹால்காரர் பெருமூச்சு விட்டார்.

“அவியளுக்குக் கண்ணு மதுரைக்குப் போயிட்டு வந்துரும்மா. கைதான் வழியில திருமங்கலத்துலயே எறங்கிரும்.”

சொல்ல வந்தது

ஒரு மனிதரிடம், நாலு பேர் முன்னால், “நீங்கள் குட்டை” என்று எப்படிச் சொல்வது? கவுண்டரில் நிற்கிற நண்பர்களே, உங்களுக்கு வழி தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் கதிரேசன் ஸ்டிக் நுனியில் ஒட்டுகிற தோல் வாங்க வந்தார். கையில் தன் ஸ்டிக். அதை வழக்கம்போல ஊன்றி நிறுத்தினார். புருவத்துக்குச் சரியாக வந்தது! அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. “பாத்தீகளா அண்ணாச்சி, எனக்குன்னே அளந்து செஞ்ச மாதிரி” என்றார். எங்கள் அலமாரியின் அடித்தட்டில், கேட்காமலே பெட்டியில் வந்த இரண்டு குட்டை ஸ்டிக்குகள் கிடந்தன. பால்வாடிக் குச்சி என்று எல்லோரும் கேலி பண்ணியதால் யாரும் தொடவில்லை. நான் ஒன்றை எடுத்தேன். கண்ணாடி மேல் வைத்தேன். வார்த்தை தொண்டைவரை வந்தது. அதற்குள் கடையில் நின்ற ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நான் அதைத் துடைப்பதற்காக எடுத்த மாதிரித் துடைத்து, திரும்ப வைத்துவிட்டேன். கதிரேசன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

“தங்கச்சி, அதைத் தூக்கிக்கிட்டு நான் ஹாலுக்குள்ள போனா, ஆட்டத்துக்கு முந்தியே தோத்துருவேன்.”

சாக்குக்கட்டிக் கோடு

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில், பாதி வழி தாண்டும்போது சட்டென்று தோன்றியது. உயரத்தை அளந்தால்தானே வம்பு! யாரையும் நிற்கவே வைக்க வேண்டாம். குனிய வைத்தால் போதும். அன்றிலிருந்து ஸ்டிக் கேட்டு வருகிற எல்லோரையும், நெட்டையோ குட்டையோ, கண்ணாடிக் கவுண்டர் மேல் அடிக்கிற மாதிரிக் குனியச் சொன்னேன். பின்கை தானாக எங்கே பிடிக்கிறதோ அங்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் நாலு விரல் மிச்சம் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் வெறும் சுமை. ஒருவரிடமும் நான் உயரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒருவருக்கும் கோபம் வரவில்லை. எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

வாங்கின தோல் சரியில்லை என்று மாற்ற வந்த கதிரேசனையும் குனியச் சொன்னேன். “எல்லாருக்கும் போடுதோம் சார்.” கோடு போட்டேன். அவர் நிமிர்ந்து, கோட்டுக்குப் பின்னால் இருந்த நீளத்தைக் கையால் சாண் போட்டார். ஒரு சாண். மறுபடி சாண் போட்டார். மெஷினில் நூல் அளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆள். கோடு அழியாமல் ஸ்டிக்கைத் துண்டால் சுற்றிக்கொண்டு, தோலை மாற்ற மறந்து, கிளம்பிவிட்டார். சைக்கிள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். மில் பக்கம்.

“குட்டைக் கம்பு விக்க வேண்டிய எடத்துல ரம்பத்துக்கு வேலை வச்சிட்டியேம்மா!”

வெட்டினதும் ஒட்டினதும்

போட்டிக்குக் கோப்பை எங்கள் கடையுடையது. அண்ணாச்சி தன் மனைவியையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெண்களுக்கென்று சுவரோரம் இரண்டு நாற்காலி. கடைசி ஆட்டம் மறுபடியும் வேலுச்சாமிக்கும் கதிரேசனுக்கும். கதிரேசன் துண்டைப் பிரித்து ஸ்டிக்கை ஊன்றினார். நாடிக்கு வந்தது. கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்து, அலை மாதிரி என் காலடி வரைக்கும் வந்து போனது. அவர் அதை அழகாகச் செய்திருந்தார். கோட்டுக்கு நாலு விரல் விட்டு வெட்டி, அடியில் துளை போட்டு, பழைய போல்ட் ஒன்றை இறக்கிக் கனத்தைச் சரிக்கட்டி, அடி முனை ரப்பரைத் திரும்ப மாட்டியிருந்தார்.

“வெட்டுன கம்பு செல்லாது” என்றார் வேலுச்சாமி. ஹால்காரருக்குச் சட்டம் தெரியாது. யாருக்கும் தெரியாது. சத்தம் கூடியது. “வேற கம்பு எடு, இல்லன்னா வெளிய போ” என்று யாரோ கத்தினார்கள். கதிரேசன் ஸ்டிக்கைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். ஸ்டிக் பெட்டியில் வந்த அந்த இங்கிலீஷ் தாள் என் கைப்பையில்தான் இருந்தது. நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகு உட்காரவும் வெட்கமாக இருந்தது. “நாற்பது அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அவ்வளவுதான் போட்டிருக்கு” என்றேன். “சத்தமா!” என்றார் ஹால்காரர். தாளைப் பிரித்து, அந்த வரியை இங்கிலீஷிலும் தமிழிலுமாக, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. டேப் கொண்டுவந்து அளந்தார்கள். ஐம்பத்திரண்டு அங்குலம். வேலுச்சாமி விடவில்லை. “கம்பெனி செஞ்சதை மாத்தலாமா? அதுக்கு என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். தாளில் அதற்குப் பதில் இல்லை. அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். வேலுச்சாமியின் ஸ்டிக் அடியில் ஆசாரி ஒட்டியிருந்த துண்டை ஆள்காட்டி விரலால் தட்டினார்.

“ஏலே வேலுச்சாமி, நீ ஒட்டுனா செல்லும், அவன் வெட்டுனா செல்லாதோ?”

கடைசிப் பந்து

கூடம் முழுக்கச் சிரித்த சிரிப்பில் ஆட்டம் தொடங்கிவிட்டது. முடிவில் குழியில் தள்ள வேண்டியதில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம்; அதைத் தள்ளுகிறவருக்கு ஆட்டம். கம்பால் அடிக்கிற வெள்ளைப் பந்து சுவர்ப் பக்கத்து விளிம்பை ஒட்டி நின்றது. முதலில் அடிக்கிற முறை வேலுச்சாமிக்கு. அவர் கையை இழுத்தார். ஆசாரி ஒட்டிய துண்டு சுவரில் போய் ‘டொக்’ என்று இடித்தது. சுவரில் இன்னொரு குழி. வெள்ளைப் பந்து நாலு விரல் நகர்ந்து, கறுப்பைத் தொடாமலே நின்றது. தப்படி என்பதால் வெள்ளைப் பந்தை எங்கே வேண்டுமானாலும் எடுத்து வைத்துக்கொள்ளக் கதிரேசனுக்கு உரிமை இருந்தது. அவர் எடுக்கவில்லை. அது நின்ற இடத்துக்கே, சுவருக்கும் மேசைக்கும் நடுவில், போய் நின்றார். குனிந்தார். கை பின்னால் போய், எதிலும் இடிக்காமல், நேராக முன்னால் வந்தது. கறுப்பு, அவர் வாயால் சொன்ன மூலைக் குழியில் போய் விழுந்தது. அண்ணாச்சி மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினார். நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. கதிரேசன் கோப்பையை ஒரு கையிலும் ஸ்டிக்கை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஹால்காரரிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

“மதுரை பஸ்ஸுல இதை மேல போடச் சொல்லுவாங்களா, மடியிலயே வச்சிக்கிடலாமா?”

திங்கட்கிழமை

வேலுச்சாமி காலையில் கடைக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டார். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். கூடவே கொண்டுவந்த ஸ்டிக்கைக் கவுண்டர் மேல் கிடத்தினார். அண்ணாச்சி பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நான் நோட்டைப் பிரிக்கவில்லை. வேலுச்சாமி அந்த ஆறடி உடம்பைக் கண்ணாடி மேல் மடித்துக் குனிந்து, சாக்குக்கட்டியால் கோடு போடச் சொல்லி என் பக்கம் கையைக் காட்டினார்.