சாவிக்காரர் போட்ட வரிசை

சாவி வெட்டும் மெஷின் கிறீச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே சாவிக்காரர் கேட்டுவிடுவார்: "யார்கூட உக்காந்து பாக்கப் போறீங்க?"

வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வெட்டிக்கொண்டு போக வந்த மனிதர், வாய் தவறி அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார். "பொண்ணுங்க ரெண்டு பேரும் நானும்" என்பார். "கடைசியா எந்தப் படத்துல அழுதீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி ஏதோ ஒன்றைச் சொல்வார். "சரி, உங்க வீட்ல படம் ஓடறப்ப தூங்கறது யாரு?" இந்தக் கேள்வி முடிவதற்குள் சாவியும் முடிந்திருக்கும். அதை வாயருகே கொண்டுபோய் ஊதி, கால்சட்டையில் இரண்டு தேய்ப்புத் தேய்த்து, கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொள்வார். வலது காதிலிருந்து பென்சில் இறங்கும். சாவிப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்து வைத்திருக்கும் துண்டு ஒன்றில் எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் என்று எழுதுவார். அதன் பிறகுதான் சாவியும் அட்டையும் சேர்ந்து கைமாறும்.

சந்தைக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவர் கடை. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. வெட்டாத சாவிகள் ஆணிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சாயங்காலத்துக்குள் புருவத்தில் பித்தளைத் தூள் படிந்து, பார்ப்பதற்கு மனிதர் மஞ்சள் புருவத்தோடு பிறந்தவர் போலிருப்பார். ஒட்டினாற்போல இருக்கும் இடத்தில் நான் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது வருஷமாக எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தங்கச்சி. காலையில் கடவுளை வேண்டிக்கொண்டு நான் ஊசியில் நூல் கோர்க்கும்போது அவரும் மெஷினைத் தொட்டுக் கண்ணை மூடுவார். திறந்தவுடன் பேச ஆரம்பிப்பது அந்தப் படங்களைப் பற்றித்தான்.

மொத்தம் இருபத்துநாலு படங்கள். பதினேழு வருஷமாக ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை. சுவருக்குள் புகுந்து போகிற ஒரு தபால்காரன், காற்றைக் கையால் நிறுத்துகிற ஒரு நர்ஸ், பொய் சொன்னால் குள்ளமாகிப் போகிற ஒரு ராட்சசன் என்று ஒரு பெரிய கூட்டமே உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வந்த வரிசையில் பார்ப்பதா, கதை நடந்த வரிசையில் பார்ப்பதா என்பதுதான் ஊரில் சண்டை. பதினைந்தாவதாக வந்த படத்தில் நர்ஸின் குழந்தைப் பருவம் வருகிறது. கதைக்கு அதுதான் ஆரம்பம், ஆகவே அதையே முதலில் பார்க்கவேண்டும் என்று ஒரு கட்சி. அவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது.

"பதினஞ்ச முதல்ல பாத்துட்டா அந்த நர்ஸ் வில்லனோட தங்கச்சின்னு தெரிஞ்சுபோயிடும். அப்புறம் எட்டாவதுல தூக்கிவாரிப் போடணுமே, எப்படிப் போடும்? நீயே சொல்லு தங்கச்சி."

நான் ஒரு படமும் பார்த்ததில்லை. ஆனாலும், "போடாதுண்ணே" என்பேன்.

அதற்காக அவர் வந்த வரிசைக் கட்சியிலும் இல்லை. ஆளுக்கு ஒரு வரிசை என்பது அவர் கொள்கை. ஒரே மாதிரி சாவிதான், பூட்டுக்குத் தகுந்தபடி பல் வெட்டவேண்டாமா என்பார். அழுகிறவர்களுக்கு ராட்சசன் படத்தைச் சீக்கிரம் கொடுப்பார். தூங்குகிறவர் இருக்கும் வீட்டுக்கு ஆறையும் ஏழையும் தள்ளித் தள்ளி வைப்பார், இரண்டும் மெதுவாக நகர்பவையாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். முதல் மூன்று படங்களில் ஏதாவது ஒன்றிலிருந்துதான் தொடங்கவேண்டும். மேல்மாடியில் பல் வைத்தியம் பார்க்கிற டாக்டர், போஸ்டர் நன்றாக இருக்கிறதென்று நடுவிலிருந்து ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் புரியவில்லை என்றார். இவர் மெஷினையே நிறுத்திவிட்டார்.

"டாக்டர், நீங்க பல்லைப் புடுங்கிட்டு அப்புறம்தான் வாயைத் திறக்கச் சொல்லுவீங்களா?"

டாக்டர் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து மாடியேறும்போது இந்தப் பக்கம் பார்க்காமல்தான் ஏறுவார்.

ஊருக்கெல்லாம் வரிசை போட்டுக் கொடுத்த மனிதர் இருபத்துநாலு படங்களையும் தனியாகத்தான் பார்த்தார். அண்ணி அந்தப் பக்கமே வரமாட்டார். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவர் மேற்பார்வையாளர். தினம் எத்தனையோ மூட்டைத் துணி அவர் கண்ணில் பட்டுத்தான் உள்ளே போகும். வீட்டில் படம் ஓடினால் சமையலறையிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். "ஏங்க, இவன் நேத்துதானே ரத்தக்களறியா விழுந்து கிடந்தான்? இன்னைக்கு அதே சட்டை பளபளன்னு இருக்கு. துவைச்சது யாரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்த படத்திலும் அதே கேள்விதான். இவரும் சிரித்துக்கொண்டே, "அங்கெல்லாம் தானா சுத்தமாயிடும்டி" என்பார். சோபாவில் பக்கத்து இடம் காலியாகவே இருக்கும்.

போன மாதம் அண்ணிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு வாரம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்று கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் அவருக்கே அலுத்துப்போய், "சரி, உங்க படத்துல ஒண்ணு போடுங்க பாப்போம்" என்றாராம். மறுநாள் காலையில் சாவிக்காரர் மெஷினைத் தொட்டுக் கண்ணை மூடவும் மறந்து இதை என்னிடம் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லிட்டா தங்கச்சி. புடிச்சா மிச்சத்தைப் பாப்பாளாம். புடிக்கலேன்னா இனிமே ஆயுசுக்கும் வீட்ல அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"நல்லதுதானேண்ணே. உங்களுக்குத் தெரியாத வரிசையா?"

"அதான் தெரியலியே!"

நிஜமாகவே தெரியவில்லை. புதன்கிழமை முழுவதும் அட்டையில் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். முதல் படத்தைக் கொடுக்கலாம் என்றால், அதில் அரைமணி நேரம் ஒருவன் பறந்துகொண்டே இருக்கிறானாம், பறக்கிறவனைக் கண்டால் அண்ணிக்கு எரிச்சல். இரண்டாவதில் காது கிழிகிற சத்தம். மூன்றாவதில் கட்டடங்கள் இடிந்து விழும், அதைப் பார்த்தால் இதையெல்லாம் கூட்டிப் பெருக்குவது யார் என்று கிளம்பிவிடுவார். கவனம் எங்கோ இருந்து ஒருவருடைய சாவியைத் தப்பாக வெட்டிவிட்டார். அந்த ஆள் வீட்டுக்குப் போய்த் திறக்க முடியாமல் திரும்பி வந்து, "என்னய்யா, எவன் வீட்டுச் சாவியை என்கிட்ட குடுத்தே?" என்று சத்தம் போட்டார். இந்த ஒன்பது வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

வியாழக்கிழமை என் மெஷின் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அவ கடைசியா எந்தப் படத்துல அழுதா? உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? இருபத்தாறு வருஷமா கூட இருக்கறது நீங்கதானே?"

கேலியாகத்தான் சொன்னேன். அவர் பித்தளைப் புருவத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்குத்தான் உறுத்தியது. படுக்கும் முன் வேண்டிக்கொள்ளும்போது அவருக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்தேன். சினிமாவுக்காக வேண்டிக்கொள்வது தப்போ சரியோ, கடவுளுக்குத் தெரியாததா?

வெள்ளிக்கிழமை காலை, தூரத்தில் வரும்போதே கையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"கேட்டுட்டேன் தங்கச்சி! நேரா அவகிட்டயே கேட்டுட்டேன். கடைசியா எந்தப் படத்துல நீ அழுதேன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? 'அழுறதுக்கு எனக்கெங்க நேரம்? எனக்குச் சந்தேகம்தான் வரும். கேட்டா நீங்க சிரிப்பீங்க'ன்னா." மூச்சு வாங்கிக்கொண்டார். "இத்தனை வருஷமா ஒரே கேள்விதான் கேட்டுட்டு இருந்திருக்கா. துவைச்சது யாருன்னு. நான் அது கிண்டல்னு நினைச்சேன். அவ நிஜமாவே கேட்டிருக்கா!"

பென்சிலை எடுத்தார். அட்டையில் 1 என்று போட்டு, அதற்கு எதிரே பதினோராவது படத்தின் பெயரை எழுதினார்.

"பதினொண்ணா? நடுவுலேருந்தா? டாக்டரை அந்தப் பேச்சுப் பேசினீங்களேண்ணே!"

"மெதுவாப் பேசு, மேல கேட்டுடப் போவுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் வரச் சொல்லியிருந்தார். "நீயும் வா, ரெண்டு பேருமா சேர்ந்து கஷ்டப்படுவோம்" என்று சொல்லியனுப்பினார். ஜன்னலுக்குத் திரை இழுத்துவிட்டு, அண்ணியின் காலை ஒரு முக்காலியில் தலையணை வைத்து ஏற்றி வைத்திருந்தார்கள். சோபாவில் அண்ணியும் நானும். அவர் உட்காரவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

முதல் கால்மணி நேரம் ஒன்றும் சரியில்லை. "இவன் யாரு? ஏன் சுவருக்குள்ள போறான்? கதவு என்னாச்சு?" என்றார் அண்ணி. இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். "சொல்ல வேணாம், பேசாம இருங்க" என்று அண்ணி அடக்கிவிட்டார். நடுவில் அண்ணிக்கு ஒரு கொட்டாவி வந்தது. அதைப் பார்த்த சாவிக்காரரின் முகத்தை நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் அந்த இடம் வந்தது. சண்டையில் அடிபட்ட தபால்காரன் தன் அறைக்கு வருகிறான். யாருமில்லாத அறை. சட்டையைக் கழற்றி ஒரு வாளியில் போடுகிறான். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போடுகிற கைப்பட்டியில் ரத்தம். அடுப்பிலிருந்து கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

அண்ணி நிமிர்ந்தார். "டேய், டேய்! சுடுதண்ணி ஊத்தாதடா! ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணிதான்டா ஊத்தணும்!"

அவன் ஊற்றிவிட்டான்.

"போச்சு! இனிமே அது இந்த ஜென்மத்துல போகாது" என்று தொடையில் தட்டிக்கொண்டார். "வேலைக்கு எடுத்த முதல் வாரமே என் பொண்ணுங்களுக்கு இதைத்தான் சொல்லித் தருவேன். இந்தப் பயலுக்குச் சொல்ல ஒரு ஆளில்ல பாரு."

அதற்கப்புறம் கொட்டாவி வரவில்லை. வில்லன் அச்சு அசலாக அதே முகத்தில் ஒரு போலித் தபால்காரனை அனுப்புகிறான். ஒரே மாதிரிச் சட்டையில் இரண்டு பேரும் நர்ஸ் முன்னால் நிற்கிறார்கள். நான்தான் நிஜம் என்கிறான் ஒருவன். இல்லை, நான்தான் என்கிறான் மற்றவன். நர்ஸ் கையைத் தூக்கி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

"கைப்பட்டியைப் பாருடி!" அண்ணி கத்தினார். "சுத்தமா இருக்கறவன் போலி! கறை இருக்கறவன்தான் நம்மாளு!"

நர்ஸும் பார்த்தாள். கறையிருந்த கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்பவே சொன்னேனா இல்லியா?" என்று அண்ணி என் முதுகில் ஒன்று வைத்தார். தையல்காரி முதுகு, தாங்கியது. சுவரோரம் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எந்தப் படமானாலும் இந்த இடத்தில் எழுந்து போய்விடுகிற அண்ணி எழுந்திருக்கவில்லை. கால் கட்டு ஒரு காரணமாயிருக்கலாம். ரிமோட் அவர் மடியில்தான் கிடந்தது, அதையும் தொடவில்லை.

"ஏங்க, அந்த நர்ஸ் பொண்ணு யாரு? இவனை அவளுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அது... அது வேற படத்துல..." என்று ஆரம்பித்தவர், ஒரே ஒரு படம் என்ற பேச்சு ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

அண்ணி கையை நீட்டினார். அட்டை கேட்கிறார் என்பது அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. பையிலிருந்து எடுத்துக்கொடுத்துவிட்டு, படம் போட்டதிலிருந்து முதல் தடவையாக அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணி அவருடைய வலது காதிலிருந்து பென்சிலை உருவினார். அட்டையை முழங்காலில் வைத்து, 1-க்குக் கீழே அழுத்தமாக 2 என்று எழுதி, அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல், அட்டையையும் பென்சிலையும் அவர் கையில் வைத்தார்.