செத்தவர் சிரிக்க வேண்டும்

என் தம்பி ஒரு படம் எடுத்தான். படகு கவிழ்ந்து, முன்பின் தெரியாத ஐந்து பேர் ஆளில்லாத தீவு ஒன்றில் ஒதுங்குகிற கதை. மதுரையில் கடலுக்கு எங்கே போவது? உசிலம்பட்டிப் பக்கம், அந்த வருஷ மழைக்கு அதிசயமாகத் தண்ணீர் கண்டிருந்த ஒரு கண்மாயின் நடுவில் திட்டு ஒன்று இருந்தது. அதுதான் தீவு. திட்டில் நின்றதெல்லாம் கருவேல மரம். தென்னை மட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அவற்றின் மேல் கட்டினார்கள். கேமராவைத் தாழ்த்தி வைத்தால் கடல். கொஞ்சம் உயர்த்தினால் கரையில் மேயும் எருமை. தண்ணீரும் முழங்கால் அளவுதான். தப்பிக்க வழியில்லை என்று கதறி அழுத ஐந்து பேரும், டீ வந்துவிட்டது என்று குரல் கொடுத்தால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தே கரைக்கு வந்துவிடுவார்கள்.

நான் பழங்காநத்தத்தில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைக்கிறவள். எடிட்டிங்கும் ஒலிப்பதிவும் என் தலையில் விழுந்தன. ஊரான் பிள்ளைக்கு என்றால் முடியாது என்று சொல்லியிருப்பேன். கூடப்பிறந்தவனாகப் போய்த் தொலைந்தான்.

அந்த ஐந்து பேரில் மூத்தவராக நடித்தவர் உசிலம்பட்டியில் பஞ்சர் கடை வைத்திருந்தார். நடிப்புக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முகம் பிடித்துப்போய்த் தம்பி கேட்டான், அவரும் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டார். தம்பியை மாப்ள என்பார், என்னைத் தங்கச்சி என்பார். வாய் ஓயாது. கதைப்படி தீவில் முதலில் சாகிறவர் அவர்தான்.

சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், அந்த ஷாட் முடிந்ததும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிக்க வேண்டும். படத்தில் அது வராது, யாரும் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் செத்தவர் சிரிக்காமல் யாரும் மூட்டை கட்ட மாட்டார்கள். பஞ்சர் கடை அண்ணனும் அதைக் கேள்விப்பட்டு, எப்படிச் சிரிக்கலாம் என்று காலையிலிருந்தே எல்லோரிடமும் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால வெயிலில் அவரைத் திட்டில் படுக்க வைத்தார்கள். தான் சொல்லும்வரை அசையக் கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேற்கே இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டிவிட்டது. வாடகைக் கேமரா. தம்பி அதைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்தான். எல்லோரும் ஓடிவந்தார்கள். நானும் ஒலிப்பதிவுப் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு கரையிலிருந்த வண்டிக்குள் ஏறினேன். அவரிடம் போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் அவர் மழைக்குள்ளிருந்து நடந்து வந்தார். "என்ன மாப்ள, என்னைய விட்டுட்டு வந்துட்டீக?" என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே. நாங்கள் சிரித்தோம். சிரிப்பை அடுத்த தடவை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அடுத்த தடவைக்கு அவர் இல்லை. கடையில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

ஊர் சும்மா இருக்குமா? பிணமாகப் படுக்க வைத்துச் சிரிக்க வைக்காமல் அனுப்பிவிட்டார்கள், அதுதான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று டீக்கடையில் பேச்சு. எனக்கு ஆத்திரமாக வந்தது. இதயம் நின்று செத்த மனுஷனுக்குக் கேமரா என்ன செய்யும் என்று தம்பியிடம் கத்தினேன். அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கதையை மாற்றி எழுதி, மீதியை அவர் இல்லாமலேயே எடுத்து முடித்தான்.

அதன் பிறகு அவர் என் அறையில்தான் இருந்தார். பட்டப்பகலில், வெளியே பஸ் ஹாரன் அலறும்போது, திரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. அவருக்குச் சாகத் தெரியவில்லை. வயிறு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"அக்கா, வயிறு ஆடுது. ஃப்ரீஸ் பண்ணிரு," என்றான் தம்பி.

ஒரு பட்டனைத் தட்டினால் போதும், படம் உறைந்துவிடும். எத்தனையோ கல்யாணங்களில் செய்த வேலைதான். ஆனால் கை போகவில்லை. செத்துப்போன மனுஷன், இன்னும் மூச்சு விடுகிற இடம் அது ஒன்றுதான். அதை நான் நிறுத்த வேண்டுமாம்! நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. அன்றைக்கு ஓடிவந்த அவசரத்தில் பெட்டியை அணைக்கவில்லை. அவர் சட்டைக்குள் செருகியிருந்த கம்பியில்லா மைக் எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. ஹெட்போனில் மழை கேட்டது. மழைக்கு அடியில் அவர் மூச்சு கேட்டது. அதன் பிறகு கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கல்யாண வீடியோவில் நாகஸ்வரத்தைச் சரிசெய்யும்போதும் எனக்கு அந்த மூச்சுதான் கேட்டது. பயமாக இருந்தது, மறைப்பானேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் மனைவி வந்தார். நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். பஸ் மாறி வந்த களைப்போடு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கேட்டார்.

"சிரிச்சாரா, இல்லையா? அத மட்டும் சொல்லு தாயி."

"எடுக்கல மதினி. மழ வந்துருச்சு."

ஊர் சொல்வதைத் தான் நம்பவில்லை என்றார். அவருக்கு வேறு கவலை. "அப்ப படத்துல படுத்தது படுத்தபடியேவா கெடப்பாரு? எந்திரிக்கவே மாட்டாரா?"

பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, உடனே ஏன் கேட்டோம் என்று நொந்துகொண்டேன். அதற்குள் தலையை ஆட்டிவிட்டார். தம்பி கதவோரம் நின்றிருந்தான். ஷாட்டை ஓடவிட்டேன். மதினி அழுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் கணவரின் வயிற்றின் மேல் விரலை வைத்தார். விரலும் கூடவே ஏறி இறங்கியது.

"இத நிறுத்திறாத தாயி," என்றார்.

அதற்கு மேல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஹெட்போனை எடுத்து மதினியின் காதில் மாட்டினேன். அதில் என்ன வரும் என்று எனக்குத்தான் தெரியும். முதலில் மழை. பிறகு மூச்சு. பிறகு, எல்லோரும் கரைக்கு ஓடிவந்துவிட்ட பிறகு, திட்டில் தனியாகக் கிடந்தபடி அண்ணன் கேட்கிற கேள்வி: "மாப்ள, எந்திரிக்கவா?" கொஞ்ச நேரம் மழை மட்டும். மறுபடியும், "மாப்ள... எந்திரிக்கவா?"

மதினியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இடம் வந்தது தெரிந்தது. ஹெட்போன் மாட்டியவர்கள் தங்கள் சத்தம் தெரியாமல் பேசுவார்கள். மதினியும் அந்தச் சின்ன அறை அதிரும்படி, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"எந்திரிச்சு வாங்க. எல்லாரும் போயிட்டாக."

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவன் அவன்தான்.

படத்தை நாங்கள் உறைய வைக்கவில்லை. உசிலம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போட்டுக் காட்டியபோது, மதினி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஷாட் வந்ததும் பின்வரிசையில் ஒருவன், "செத்த ஆளு மூச்சு விடுறாருப்பா," என்றான். மண்டபமே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்று எழப்போனேன். மதினி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அவனுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"ஆமா. விடுறாரு."