ஐஸ்கிறீம் வண்டியும் நான் சொன்ன பொய்யும்

கல்லடிப் பழைய பாலத்தின் நடுவில் மழை தூறிக்கொண்டிருக்கிறது. ஐஸ்கிறீம் வண்டியின் பெட்டிக்குள் என் மகளும் மகனும் ஒரே பொலித்தீனைப் போர்த்தி, தலை மட்டும் தெரிய இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு கட்டுக் கீரையும் இறால் பையும். பின்னால் மச்சாள், என் கணவரின் அக்கா, எழும்பி நின்று பெடலை மிதிக்கிறார். அலுவலகத்திலிருந்து அரை நாளோடு புறப்பட்டு, பஸ்ஸுக்காகக் காத்துச் சலித்து நடந்து வந்த நான், அவர்கள் என்னைக் கண்டுவிடக் கூடாதே என்று குடையைத் தாழ்த்திக்கொள்கிறேன். மச்சாளை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பெற்றோல் கிடைக்காத வருடம் அது. கணவர் கட்டார் நாட்டில் வேலை. நான் மட்டக்களப்பு நகரில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். என் ஸ்கூட்டி முற்றத்தில் தூசி பிடித்துக் கிடந்தது. ஒத்தாசைக்கென்று தன் ஊரான கதிரவெளியிலிருந்து வந்த மச்சாள், மின்வெட்டில் தொழிலைக் கைவிட்ட ஐஸ்கிறீம்காரர் ஒருவரின் மூன்று சில்லு வண்டியை வாங்கி வந்தார். மூடியைக் கழற்றி, உள்ளே பாயை மடித்துப் போட்டார். காலையில் பிள்ளைகள் அதில் பள்ளிக்கூடம் போனார்கள். பகலில் திரும்பும்போது சந்தைச் சாமான்களும் சேர்ந்துகொண்டன. வீடு வந்து சேர்வதற்குள் மகன் இரண்டு தக்காளியையாவது கடித்திருப்பான். பெட்டியில் பழைய எழுத்துகள் அழியாததால் வழியில் சிறுவர்கள் மறித்து ஐஸ்கிறீம் கேட்பார்கள். "ஐஸ்கிறீம் முடிஞ்சு மனே, இந்த ரெண்டு புள்ளைகளும்தான் மிச்சம். வேணுமா?" என்பார் மச்சாள்.

ஊரே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அலுவலகத்தில் ஒருத்தி, "ஐஸ்கிறீம் வண்டியில போறது உங்கட புள்ளைகளா?" என்று சும்மாதான் கேட்டாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. உத்தியோகக்காரி என்ற நினைப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

பெற்றோல் வந்ததும், இனி நானே கூட்டிப் போகிறேன் என்று மச்சாளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். உனக்கேன் சிரமம் என்று அவர் மறுப்பார், வண்டி தொடர்ந்து ஓடும் என்று பயந்தேன். "மச்சாள், திறந்த வண்டியில புள்ளைகளக் கொண்டு வரப்படாதெண்டு பள்ளிக்கூடத்தில சொல்லிப் போட்டாங்க" என்றேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "அப்பிடியா புள்ள" என்றார். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் கதிரவெளிக்கே போய்விட்டார். போகும்போது அழுத பிள்ளைகளிடம், "பள்ளிக்கூடத்துச் சட்டம் மனே, மாமி என்ன செய்யிற?" என்றார். சொன்னதை நம்பிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் மகனின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மகளுக்கு முன்பு படிப்பித்த ஆசிரியை என்னைக் கண்டதும் மச்சாளைத்தான் விசாரித்தார். "பாவம், ஒருநாள் என்னட்ட வந்து, 'வண்டிக்கு மேல கூரை போட்டா விடுவீங்களா டீச்சர்?' எண்டு கேட்டவ. நாங்க அப்பிடிச் சட்டம் ஒண்டும் போடல்லையே எண்டன். 'அப்ப எனக்குத்தான் பிழையா விளங்கியிரிக்கும்' எண்டு சிரிச்சிட்டுப் போயிட்டா." அப்படியென்றால் நான் பொய் சொன்ன பிறகு, ஊருக்குப் போவதற்கு முன் அவர் கேட்டிருக்கிறார். பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்துச் சட்டம் என்று அவர் சொன்னது, எல்லாம் தெரிந்த பிறகு. அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்றே எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் கதிரவெளிக்குத் தொலைபேசி எடுத்தேன். "மச்சாள், அண்டைக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் புள்ள. நீ புள்ளைகளிட்டச் சொல்லிப்போடாத. தாய் பொய் சொன்னதெண்டு அதுகள் அறியப்படாது."

என்னை மன்னித்தாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மகள் ஓடி வந்து தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள். அவள் இந்த வருடம்தான் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் மாறியிருந்தாள்.

"மாமி, என்ட புதுப் பள்ளிக்கூடத்தில அந்தச் சட்டம் இல்ல. நான் டீச்சரிட்டக் கேட்டிட்டன். நீங்க இனி வரலாம்" என்றாள்.