அண்ணா தோள்கொடுத்த மெழுகுதிரிக் கோபுரம்

சாவகச்சேரியில் மூன்று பெண்பிள்ளைகளோடு ஒரே ஆண்பிள்ளையாகப் பிறந்தவர், இப்போது எங்களை விட்டுப்போன எங்கள் அண்ணா. எங்களைப் பெற்ற ஐயா வேளைக்கே இறந்துவிட, படிப்பை விட்டுக் கடையில் நின்று எங்களைக் கரைசேர்த்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவுக்கு, இந்த மெல்பேணுக்கு வந்தார். இங்கே பாண் பேக்கரியில் வேலை. கோபக்காரர்தான். ஆனால் கோபித்த கையோடு தேத்தண்ணீர் கேட்பார், அதுவே சமாதானம்.

ஒன்றை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் கழியுமுன் அண்ணா வேதத்துக்கு, கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டார் என்று, உறவுகளே, உங்களில் சிலர் ஊரில் கதை கட்டினீர்கள். ஒரு படம்தான் சாட்சி. அதில் பொன்பூச்சுப் பூசிய உயர்ந்த மரக் கோபுரம், சுற்றிவரச் சிறகு விரித்த சம்மனசுகள், நடுவில் மெழுகுதிரிகள். அடியில் வெள்ளை அங்கியோடு அண்ணா.

நடந்தது இதுதான். அண்ணாவோடு வேலைசெய்தவர்கள் சிசிலித் தீவுக்காரர். அவர்கள் ஊரில் ஒவ்வொரு தொழில்செய்வோரும் தங்கள் புனிதையின் திருநாளுக்கு இப்படியொரு கோபுரத்தைத் தூக்கிப்போவார்களாம். இங்கேயும் பேக்கரிக்காரர் ஒன்று செய்தார்கள். எல்லோரும் சேர்ந்து தோளில் ஆட்டியாட்டிக் கொண்டுபோக வேண்டும், ஒரு தோள் குறைந்தாலும் சரிந்துவிடும்.

திருநாளுக்கு முந்தின கிழமை, அம்மா போய்விட்டா என்ற தந்தி வந்தது. அது அண்ணாவின் கையில் கிடைக்கும்போது ஊரில் தகனமே முடிந்திருந்தது. கொள்ளி வைத்தவர் ஒன்றுவிட்ட தம்பி. அண்ணா அழக்கூட இல்லையாம், வேலைக்குப் போயிருக்கிறார்.

தூக்க ஓர் ஆள் குறைகிறது என்று கூப்பிட்டபோது, தனக்குச் சாவுத் துடக்கு, சாமி தூக்கக் கூடாது என்று மறுத்திருக்கிறார். பேக்கரிப் போர்மன், அவரும் சிசிலிக்காரர், விடவில்லை. "இது சாமியில்லை, சாமிக்கு முன்னால் போகிற எங்கள் விளக்கு. நான் இங்கே இருக்கும்போதுதான் என் தாயும் அங்கே செத்துப்போனாள். என் பக்கத்தில் நில்" என்றாராம்.

நான் இங்கு வந்த புதிதில் ஒருநாள் குசினியில் சமைத்துக்கொண்டே அண்ணாவிடம் கேட்டேன்.

"துடக்கோட ஏன் அண்ணா அதைத் தூக்கினனீங்கள்?"

"ரெண்டு நாள் கையை உயர்த்தேலாமக் கிடந்தது, பிள்ளை. அவ்வளவு நோ."

"நான் கேட்டது அதில்லை."

"அதைத்தான் சொல்லுறன். அம்மாவைத் தூக்கி நோக வேண்டிய தோள் இது. சும்மா கிடந்ததைத்தான் என்னாலை தாங்கேலாமப் போச்சு."

சொல்லிவிட்டு அழுதார். அண்ணா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மாரடைப்போடு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில் அவருக்குப் பக்கத்தில் மாறிமாறி இருந்த பேக்கரி நண்பர்களுக்கும், சமைத்து அனுப்பிய தமிழ்க் குடும்பங்களுக்கும், ஊரில் அவருடைய கிரியைகளைப் பார்த்துக்கொண்ட உறவினருக்கும் நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அம்மாவுக்கு மகன் செய்யவேண்டியதை அண்ணா செய்துவிட்டுத்தான் போனார். இனி அந்தக் கதை வேண்டாம்.

அன்புத் தங்கை