யானை இளைத்த பிறகு

அந்த மரச்சாமான் கடையில் அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று விற்பது. இன்னொன்று உட்காருவது.

வாங்க வருகிறவர்கள் எப்படியும் ஒரு கட்டத்தில் "தாங்குமா?" என்று கேட்பார்கள். முதலாளி பதில் சொல்லமாட்டார். உள்பக்கம் திரும்பி "யானை!" என்று கூப்பிடுவார். அவர் வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து காலை ஆட்டுவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். வியாபாரம் முடிந்துவிடும்.

பிறகு வயிற்றைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஒன்றரை வருடத்தில் யானையில் பாதிதான் மிஞ்சியது. பெயர் மட்டும் இளைக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள், தொளதொளத்த சட்டையோடு வந்து நிற்பவரைத் தாண்டி, இன்னும் யாரோ வரவேண்டும் என்பதுபோல் பார்த்தார்கள்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். இளைச்சா என்னய்யா?" என்றார் முதலாளி.

"இளைச்ச யானைக்குப் பழமொழி இல்ல, முதலாளி."

நாற்காலி விற்கிறவர் இப்போது தனக்கென்று ஒரு குஷனைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். உட்கார்ந்தால் எலும்பு குத்தியது. இப்படி ஓர் எலும்பு இத்தனை நாள் உள்ளே இருந்திருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம். மின்விசிறிக்குக் கீழே நின்றால் குளிர்ந்தது. அதுவும் புதிது. குடியிருந்தவர்கள் காலி செய்துபோன வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் மதியம் அவருடைய தங்கை கடைக்கு வந்தாள். அண்ணனின் பழைய உடம்பு அவளிடம் அப்படியே இருந்தது. அண்ணனுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் அவளுக்கும் அதையே சொல்லியிருந்தார். சரியா இல்லையா என்று வியாழக்கிழமைக்குள் அவள் சொல்லவேண்டும்.

கடையின் பின்பக்கம், பீரோக்களுக்கு நடுவே உட்கார்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன டப்பாவில் ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் பருப்பு.

"அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லு. பண்ணிக்கிட்டது பிரயோஜனமா, இல்லையா?"

அவர் மென்றுகொண்டே இருந்தார்.

"வாயில என்ன, சூயிங்கமா?"

"மெல்லாம முழுங்கினா நெஞ்சுல நிக்கும்."

"தண்ணியைக் குடியேன்."

"சாப்பாட்டோட குடிக்கக் கூடாது."

"இனிப்பு?"

"ஒரு வாய் கூடிப்போனா வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும். படுத்துக்கணும்."

"அப்ப நல்லதுன்னு ஒண்ணுமே இல்லையா?"

"ஏன் இல்ல? முட்டி வலி போச்சு. ராத்திரி மூச்சு முட்டறதில்ல. சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டாங்க. முடிதான் கொஞ்சம் கொட்டிச்சு."

"இது கட்டில் விக்கற பேச்சு. நிறையும் சொல்ற, குறையும் சொல்ற. வாங்கறதா வேணாமான்னு மட்டும் என் தலையில கட்டற."

"யானை!" என்று முன்பக்கமிருந்து குரல் வந்தது. முதலாளிக்குப் பழக்கதோஷம்.

ஒரு கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் கொஞ்சம் கனத்த உடம்பாம். யானை வந்து உட்கார்ந்து காலை ஆட்டிக் காட்டினார்.

"நீங்க உக்காந்தா எதுதான் தாங்காது?" என்றாள் அந்தப் பெண்.

முதலாளியின் பார்வை மெல்ல அவர் தோளுக்குப் பின்னால் போனது. அங்கே தங்கை நின்றிருந்தாள். அவர் சட்டென்று எழுந்தார். "வேணாம் முதலாளி" என்று வாயெடுப்பதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள்.

"தள்ளுண்ணா. நான் உக்காரறேன்."

முதல் தடவையாக அவர் வாங்க வந்தவர்களோடு நின்று பார்த்தார். இத்தனை வருடமும் அவர்கள் நாற்காலியின் கால்களைப் பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தார். அவர்கள் பலகைக்கு இருபுறமும் பிதுங்கிய சதையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்காலியின் காலைப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

தங்கை யாரையும் கவனிக்கவில்லை. "தாங்கும். ஆனா கை வச்ச நாற்காலியா எடுங்க. எங்களுக்கெல்லாம் உக்காரறது கஷ்டமில்ல, எழுந்திரிக்கறதுதான் கஷ்டம்" என்றாள்.

கை வைத்த நாற்காலி விற்றது. "நாளைக்கும் வர்றீங்களாம்மா?" என்றார் முதலாளி.

"ஒரு யானையை வச்சுத் தீனி போடுங்க, போதும்."

இருவரும் பின்பக்கம் வந்தார்கள். அவர் டப்பாவைத் திறக்கவில்லை.

"நீ எதுக்குப் பண்ணிக்கணும்னு நெனைக்கற?"

"பொண்ணு நாலாவது மாடிக்குக் குடி போயிட்டா. லிஃப்ட் கிடையாது. பேத்தியைத் தூக்கிட்டு அவதான் இறங்கி வர்றா. நான் கீழ நின்னு பாத்துட்டு வர்றேன்."

"அதுக்குன்னா பிரயோஜனம். படி ஏறலாம். நான் ஏறறேன்."

"நீ எதுக்குப் பண்ணிக்கிட்ட?"

அவர் முன்கடைப் பக்கம் பார்த்தார்.

"யாரும் பாக்காம இருப்பாங்கன்னு."

"இருக்காங்களா?"

"எங்க? என்ன வியாதின்னு கேக்கறாங்க."

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. பீரோக் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். இதுவரை கடையில் சிரித்த சிரிப்பில்லை அது.

"அப்ப உனக்கு நஷ்டமா?"

"இல்ல. திரும்பவும் பண்ணிக்குவேன். காரணத்தைத்தான் மாத்திக்குவேன்."

அவள் டப்பாவை எடுத்துத் திறந்தாள். பாதி முட்டை இருந்தது. "இது உனக்கு வேணாமில்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். வெறும் பலகை. அவர் யோசிக்காமல் தன் குஷனை நீட்டினார்.

அவள் அதை அமுக்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப எதுக்கு? பத்திரமா வச்சிரு. அடுத்த வருஷம் வந்து வாங்கிக்கறேன்."