அதிமதுரம் கடிப்பவர்

மருந்துவேர்க் கிடங்கில் அவரை எல்லோரும் ருசிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதிமதுர மூட்டைகள் வந்து இறங்கினால் ஒவ்வொன்றிலும் ஒரு வேரை உருவி, முனையை நறுக்கென்று கடித்து மெல்லுவார். இது முதல் தரம், இது கஷாயத்துக்கு, இது தூளுக்கு என்று மூட்டைகள் பிரியும். மென்றதைத் துப்பிவிட வேண்டும் என்பது முறை. அவர் விழுங்கிவிடுவார். ஆண்டவன் கொடுத்த இனிப்பைக் காறித் துப்ப அவருக்கு மனசு வராது.

"பொண்டாட்டி சமையலை ஒருநாளும் குறை சொல்லாத நாக்கு, வேரைக் கண்டா மட்டும் என்னமா நீளுது!" என்று சாக்குத் தைக்கும் அக்கா சீண்டுவாள்.

"நாள் பூரா இனிச்சுக் கெடக்குற வாய்க்கா. அவ உப்புப் போட்டாளா இல்லையான்னே தெரியறதில்ல!"

சில மாதமாக அவருக்குக் கால் வீங்கியது. தலை வலித்தது. மாடிப்படி ஏறினால் தொடை துவண்டது. மனைவி பதறிப்போனாள். வேர் உடம்பைத் தேற்றும் என்று கிடங்குத் தெருவே நம்பியது. அவளும் அதையே நசுக்கிக் கொதிக்கவைத்து, சாமியை வேண்டிக்கொண்டு, காலையும் மாலையும் கொடுத்தாள். கால் தேறவில்லை. போதவில்லை போலிருக்கிறது என்று கெட்டியாகக் காய்ச்சினாள்.

ஒருநாள் காலை கட்டிலைவிட்டு அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "வீட்ல என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள்.

"ஐயோ, அளவு மீறின அந்த வேர்தாம்மா கெடுத்தது. கடிச்சு முழுங்கினதும் போதாம கஷாயம் வேறயா? ரத்தக் கொதிப்பு ஏறிக் கெடக்கு. நெஞ்சுத் துடிப்பும் தாறுமாறா இருக்கு."

"பொழைச்சுக்குவாராம்மா?"

"மருந்து ஏத்துறோம். இப்ப எதுவும் சொல்ல முடியாது."

அவள் கணவனருகே போனாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ருசிக்காரர் மெல்லக் கண் திறந்தார்.

"வாய் கசக்குது. ஒரு துண்டு வேர் குடேன்."

"வேணாங்க."

"ஏன், கோவமா? உன் கை மருந்துதான் என்னை இத்தனை நாள் தாங்குச்சு. இவங்க ஊசியில என்ன இருக்கு?"

சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். சொன்னால் அந்த நெஞ்சு தாங்குமா? சொல்லாவிட்டால், பார்க்க வரும் கிடங்கு ஆட்கள் யாரிடமாவது வேரைக் கேட்டு வாங்கிக்கொள்வாரே. சாமி பேரைச் சொல்லப்போனாள். அதுவும் வாயில் வரவில்லை.

அவரோ அவளையே நம்பி, குழந்தை மாதிரி வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.