நேசன் அண்ணையின் சாட்சி

நேசன் அண்ணை போய்விட்டார். நேற்று விடிய, வவுனியா ஆஸ்பத்திரியில்.

செய்தி சொன்னவனை நான் நம்பவில்லை. இன்னும் இரண்டு பேருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்... எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

புளியங்குளத்தில் எங்கள் அரிசி மில்லின் லொறி டிரைவர் அவர். வருகிற நெல்மூட்டைகளைக் குத்திப் பார்த்து, ஈரமா பதரா என்று சொல்வது என் வேலை. மேலே நல்ல நெல், அடியில் பதர்... இந்த வேலையில் இருப்பவன் ஒருவரையும் நம்ப மாட்டான்.

அதனால்தான் என்னைப் பிடித்தார்.

ஐம்பத்தைந்து வயதுக்குள் செய்து முடிக்க வேண்டியவை என்று ஒரு லிஸ்ட் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் முடிய, பக்கத்தில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஏன் அண்ணை நான்? உங்கட மனிசியிட்டக் கேளுங்கோவன்."

"அவா நான் சொன்ன உடன நம்பிப்போடுவா. நீ நம்பமாட்டாய். எனக்கு அதுதான் வேணும்."

முதலில் அந்த லிஸ்டிலேயே எனக்குச் சந்தேகம். 'ஐந்து வருடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்' என்று இங்கே கேட்டு வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நிறுவனத்தின் படிவத்தோடு வந்தவர்கள்தான். இந்த மனுசன் யாரும் கேட்காமல் எழுதி வைத்திருக்கிறாரே... வெளிநாடு போகிற பிளானோ என்று நினைத்தேன்.

சிங்களம் வாசிக்கப் பழகுவது ஒன்று. விளங்காத கடதாசிகளில் நிறையக் கையெழுத்து வைத்தாயிற்று என்பார். ஒருநாள் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து கடகடவென்று வாசித்தார். பாடமாக்கியிருப்பார்...

கச்சான் கடலை சுற்றிவந்த சிங்களப் பேப்பர்த் துண்டை நீட்டினேன். விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்து, காணி விற்பனை விளம்பரம் என்றார். அதையும் நம்பாமல் சிங்களம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். சரிதான். கையெழுத்தைப் போட்டேன்.

லிஸ்டில் அடுத்தது, மலைநாட்டுப் பதுளைக்கு ரயிலில் போவது. போய்வந்து போனில் போட்டோ காட்டினார்.

"போட்டோவை இந்தக் காலத்தில ஆர் நம்புறது? டிக்கெட் எங்க?"

"அதை ஸ்டேசனில வாங்கிப்போட்டாங்களடா."

அடுத்த லீவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனார். யன்னல் சீட் எனக்கு.

கடைசியாக மிஞ்சியது நீச்சல். ஊர்க் குளத்தில் நீந்திப் போய், உள்ளே நிற்கும் பட்டமரத்தைத் தொட வேண்டும். வெள்ளத்தில் ஒருமுறை லொறியோடு இழுபட்டவர்... முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே பயம்.

இந்த வருடம் அடிக்கடி வவுனியாவுக்குப் போனார். லொறிக்குச் சாமான் வாங்க என்றார். சாமானைக் காணோம். வேறு மில்லில் வேலை தேடுகிறார் என்றுதான் சந்தேகப்பட்டேன். ஆஸ்பத்திரிக்கு, கிட்னி வருத்தம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

போன மாதம் ஓட்டோவில் வந்து இறங்கினார். கால் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை.

"நீச்சல் முடிஞ்சுது தம்பி. போடு கையெழுத்தை."

"ஆர் பார்த்தது?"

"ஒருத்தரும் இல்லை. இந்த ஒருக்கா நம்பன்."

"என்ர கண்ணுக்கு முன்னால நீந்துங்கோ. அப்பத்தான் போடுவன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஓம்... அப்ப நான் இன்னும் ஒருக்கா வரத்தான் வேணும்."

நான் இரக்கப்பட்டுப் போடுகிறேனா என்று பார்க்கத்தான் வந்தாரோ... அந்தச் சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்று செத்தவீட்டில் அவருடைய மனைவி அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, இதில ஒண்டுதான் குறை. போட்டுவிடுங்கோவன், பெட்டிக்குள்ள வைப்பம்."

பேனையை வாங்கினேன். அழுகை வந்துவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போடேலாது அக்கா. அவர் நீந்தேல்லை."

அக்கா பேனையை என்னிடமிருந்து திரும்ப வாங்கினார். தாளை மடித்து அப்படியே அண்ணையின் சட்டைப் பைக்குள் வைத்தார்.

போய் வாருங்கள் அண்ணை... எனக்கு ஏலாமல் கிடக்கு.